பயந்துகொண்டே ஆற்றில் இறங்கினேன்

என் தலைமுடியில் ஆற்று வாசம் அடிக்கிறது. சிகைக்காய் போட்டு அலசச் சொல்லி மகள் கோமதி நச்சரித்துக்கொண்டே இருக்கிறாள். எனக்குத்தான் மனம் வரவில்லை. பாசியும் களிமண்ணும் நாணலும் கலந்த அந்த வாசத்தை, கூந்தல் நுனியை மூக்கருகே கொண்டுவந்து முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தச் சந்தோஷத்தை உனக்குச் சொல்லாமல் என்னால் வைத்துக்கொள்ள முடியாது. கேள். இன்று காலை நான் தாமிரபரணியில் இறங்கினேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். முழுகி எழுந்தேன். ஞானஸ்நானம் எடுத்துவிட்டேன்!

நானேதான். மழை இருட்டியதுமே மேசைக்கு அடியில் கையை ஒளித்துக்கொண்ட உன் சிநேகிதி, தமிழ் டீச்சர்தான். நீ இருந்திருந்தால் ஆற்றங்கரையே அதிரும்படி விசில் அடித்திருப்பாய். போதகர் திரும்பி முறைத்திருப்பார். அதைப் பற்றி நீ கவலைப்பட்டிருக்கவே மாட்டாய்.

அந்த மார்கழி வெள்ளத்தை நாம் இருவரும் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். ஆனாலும் இன்று அதை முதலிலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. இன்றுதான் தடுமாறாமல் சொல்ல முடிகிறது.

ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றை ஒட்டிய நம் தெரு. தெருவின் பள்ளத்தில் என் வீடு, மேட்டில் மாடி வைத்த உன் வீடு. அக்கரையில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஒரே பேருந்தில் போய்வரும் இரண்டு டீச்சர்கள் நாம். நான் தமிழ், நீ விளையாட்டு. என் வீட்டுக்காரர் பாத்திரக்கடைக்குச் சரக்கு எடுக்கத் திருநெல்வேலிக்குப் போனவர் மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் நானும் கோமதியும் மட்டும். அவள் அப்போது எட்டாம் வகுப்பு. விடிந்தும் விடியாத நேரம், வாசலில் நின்ற தண்ணீர், நான் பால் காய்ச்சி இறக்குவதற்குள் அடுப்பங்கரைக்கு வந்துவிட்டது. பீரோவில் இருந்த பட்டுப்புடவைகளை எடுத்துப் பரணில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மார்பளவு தண்ணீரில் நீ வந்து நின்றாய். கழுத்தில் விசில். தோளில் பள்ளிக்கூடத்து வாலிபால் வலை. கிழிசலைத் தைப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாயாம்.

"ஏட்டி, பீரோவப் பாக்காத. பிள்ளையப் பிடி!" என்று கத்தினாய்.

வலையின் ஒரு முனையை உன் வீட்டு மாடிப்படிக் கம்பியிலும் மறுமுனையை எதிரே இருந்த மின்கம்பத்திலும் கட்டினாய். அதைப் பிடித்துக்கொண்டு தெருவே நகர்ந்தது. கைக்குழந்தைக்காரிகள், தோளில் ஆட்டுக்குட்டியோடு ஒரு தாத்தா, எல்லோரும். பாதி வழியில் மிதந்து வந்த ஒரு கதவு என் முழங்கையில் இடித்தது. கோமதியின் கை என் கையிலிருந்து போய்விட்டது. வலையை விட்டுவிட்டு நீ பாய்ந்தாய். அவளையும் காணவில்லை, உன்னையும் காணவில்லை. ரேஷன் கடைத் திருப்பத்தில் இருந்து விசில் சத்தம் கேட்டது. அவள் சடையைப் பிடித்து இழுத்துச் சுவரோடு சுவராக அணைத்துக்கொண்டு, வாயில் இருந்த விசிலை விடாமல் ஊதிக்கொண்டிருந்தாய். பிழைத்துவிட்டோம் என்று எனக்குச் சொல்ல உனக்கு அப்போது வேறு வழி இருக்கவில்லை.

பிறகு மொட்டைமாடி. மழைத்தண்ணீரில் ஊறவைத்த அவலை ஆளுக்கு ஒரு பிடி தின்றுகொண்டு, ஹெலிகாப்டர் வருகிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். அவரவர் சாமியை அவரவர் கூப்பிட்டார்கள். நான் சிறுவயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவந்த பதிகம் ஒன்றின் முதல் அடி மறந்துபோய் விழித்துக்கொண்டிருந்தேன். நீயோ கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு உன் சபைப் பாட்டுகளைச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாய். சுருதி சேரவே இல்லை. ஆனாலும் குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் வடிந்தது. வண்டலை வாரிக் கொட்டினோம். தெரு பழையபடி தெருவானது. நான்தான் பழையபடி ஆகவில்லை.

வானம் கறுத்தாலே என் நெஞ்சு தடதடக்கும். பேருந்து பாலத்தில் ஏறியதும் கோமதியின் மணிக்கட்டைப் பிடிப்பேன். வளையல் பதிந்து அவளுக்குத் தடம் விழும். "யம்மா, விடும்மா, வலிக்கி" என்பாள். விட முடியாது. அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்பேன். பாளையங்கோட்டையில் டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை தந்தார், அது தூக்கத்தைத் தந்தது. விழித்திருக்கும் நேரத்தை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. நேர்த்திக்கடன் எல்லாம் முடித்தாயிற்று. உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. என் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தவளிடம், இன்னும் அவளைப் பறிகொடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன் என்று எப்படிச் சொல்வேன்?

நீயே கண்டுபிடித்தாய். ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது மழை சடசடவென்று தகரக் கூரையில் இறங்கியது. நான் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன். சுண்ணக்கட்டி கையிலேயே நொறுங்கியது. பிள்ளைகள் உன்னைக் கூட்டிவந்தார்கள். நீ என்னை விளையாட்டுச் சாமான் அறைக்குள் கூட்டிப்போய், பந்துகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, ஜமுக்காளத்தில் உட்காரவைத்தாய். ஒரு பந்தைத் துடைத்தபடி நீயும் உட்கார்ந்தாய். நான்தான் கேட்டேன்.

"அன்னைக்கு உனக்குப் பயமே இல்லியா?"

"பயமா? எனக்கு உசுரே போச்சு ஏட்டி!"

"பின்ன எப்பிடிப் பாட்டுப் படிச்ச?"

"பயந்துக்கிட்டேதான் படிச்சேன். அதான் ராகம் அங்கனயும் இங்கனயும் போச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உன் சாமி உனக்குப் பயத்தை எடுத்துவிட்டார் என்றல்லவா அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்? அதைச் சொன்னேன். நீ தலையை ஆட்டினாய்.

"எடுக்கலியே. அவரே பயந்தவருதான. சாகுறதுக்கு முன்னால தோட்டத்துல தனியா மண்டிபோட்டு, வேர்த்து ஊத்தி, இது வேண்டாமேன்னு அழுதவரு. கூட இருந்த பயலுவ எல்லாம் தூங்கிட்டானுவ. பயம்னா என்னன்னு அவருக்குத் தெரியும். அதான் அவர்ட்டச் சொல்லுததுக்கு எனக்கு வெக்கமில்ல. சொன்னா, பக்கத்துல வந்து உக்காந்துக்கிடுவாரு. அம்புட்டுதான்."

நஞ்சை விழுங்கித் தொண்டையில் நிறுத்திய சாமியைப் பாடி வளர்ந்த வீட்டுப் பெண் நான். பெரிய சாமிகளை எனக்குத் தெரியும். வேர்த்துப்போய் மண்டியிட்ட சாமியைத் தெரியாது. அன்று வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. வெண்டைக்காய் நறுக்கும்போது, விடைத்தாள் திருத்தும்போது, அந்தத் தோட்டமும் தூங்கிப்போன நண்பர்களும் கண்முன் வந்துகொண்டே இருந்தார்கள். ஐயோ, ஒருவராவது விழித்திருக்கக் கூடாதா என்று அவருக்காக எனக்குப் பரிதாபமாக இருந்தது. கடவுள்மேல் பரிதாபப்படலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

அடுத்த நாள் பேருந்து பாலத்தில் ஏறியபோது கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள்ளேயே சொன்னேன்: ஆண்டவரே, பயமாக இருக்கிறது. அவ்வளவுதான் என் முதல் ஜெபம். தமிழ் இலக்கணம் கற்றுக்கொடுக்கிற எனக்கு அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. பாலம் முடிகிற வரைக்கும் நெஞ்சு தடதடத்தது. ஆனால் யாரோ நெருக்கியடித்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டதுபோல இருந்தது. அக்கரை வந்ததும் குனிந்து பார்த்தேன். கோமதியின் மணிக்கட்டில் தடம் இல்லை. நான் அவள் கையைப் பிடித்திருந்தேன், இறுக்கிப் பிடிக்கவில்லை.

அன்று முதல் பேருந்திலேயே பயிற்சிக்குப் போயிருந்த உன்னை இடைவேளையில் தேடி ஓடிவந்து இதை மூச்சிரைக்கச் சொன்னபோது நீ என்ன செய்தாய்! இடைவேளை மணி அடித்த மைதானத்தில், அத்தனை பிள்ளைகளுக்கும் நடுவில், என் இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாய். தலைமையாசிரியை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சருக்கு என்ன பிறந்தநாளா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். "ஆமாட்டி, பிறந்தநாள்தான்!" என்றாய்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உன் சபையின் கடைசிப் பாயில் வந்து உட்காரத் தொடங்கினேன். மாத்திரையையும் நிறுத்தவில்லை. நீதான் நிறுத்தவிடவில்லை. "டாக்டரையும் ஆண்டவர்தான் படிக்க வச்சாரு, பேசாமத் தின்னு" என்பாய். மெல்ல மெல்ல டாக்டரே அதைக் குறைத்தார்.

இப்படி நான் எழுந்து நடக்கப் பழகிய நாட்களில்தான் நீ படுத்தாய். வயிற்றில் கட்டி. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். உன் முடி உதிர்ந்தது. மைதானம் முழுவதும் கேட்ட உன் குரல் கட்டிலைத் தாண்டாமல் போனது. யாரும் வராத ஒரு மத்தியானத்தில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நீ அழுதாய். "எனக்கு வாழணும்ட்டி. ஆசையா இருக்கு. பயமாவும் இருக்கு." ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டேன். அதுவரை நான் வாய்விட்டு ஜெபித்தவள் இல்லை. எழுந்து நின்று, கைகூப்பி, "அண்டசராசரங்களையும் தம் கருணைக் கடைக்கண்ணால் காத்தருளும் எல்லாம் வல்ல பரம்பொருளே" என்று ஆரம்பித்தேன். நீ கண்ணீரோடு ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாய்.

"ஏட்டி, ஜெபம் பண்ணுதியா, செய்யுள் ஒப்பிக்கியா? கிட்டத்துல இருக்கவர்ட்ட எதுக்கு இம்புட்டு நீட்டி மொழக்குத?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாய். நர்ஸ் ஓடிவந்துவிட்டார். பிறகு நான் உட்கார்ந்து, உன் கையைப் பிடித்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னேன்: "ஆண்டவரே, இவளுக்குப் பயமா இருக்கு. நீங்க இங்கனயே இருங்க." நீ "ஆமென்" என்றாய். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாய். நெற்றிச் சுருக்கம் பிரிந்து கிடந்த அந்த முகம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. வலி போகவில்லை, நோய் போகவில்லை, ஆனாலும் உன்னிடம் சமாதானம் இருந்தது. அதை நான் புத்தகத்தில் படித்தவள் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்.

சித்திரை வெயிலில் உன்னைக் கல்லறைக்குக் கொண்டுபோனோம். உன் வாலிபால் பிள்ளைகள் சீருடையில் வந்திருந்தார்கள். அதற்குப் பிறகு சில மாதங்கள் நான் சபைக்குப் போகவில்லை. கோபம். எத்தனை பேரைக் கரையேற்றியவள் நீ! உன்னை எடுத்துக்கொண்டுவிட்டு என் பக்கத்தில் என்ன உட்கார்ந்திருக்கிறார் என்று கோபம்.

அந்தக் கோபம் எங்கே கரைந்தது தெரியுமா? ஆலயத்தில் இல்லை, பேருந்து நிலையத்தில்!

கோமதி இப்போது பள்ளி அணியில் விளையாடுகிறாள். அம்பாசமுத்திரத்தில் போட்டி, மறுநாள் பிள்ளைகளை மணிமுத்தாறு அருவிக்குக் கூட்டிப்போவார்களாம். அருவி! நான் முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் ஒன்றும் கெஞ்சவில்லை, உன்னைப்போலவே இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். "போயிட்டு வா" என்று சொல்லிவிட்டேன். திருநெல்வேலி வரை போய் அவர்கள் பேருந்தை வழியனுப்பினேன். பேருந்து திருப்பத்தில் மறைந்ததும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பழைய தடதடப்பு வந்தது. எனக்கு உன்மேலும் கோபம், அவர்மேலும் கோபம். "ஆண்டவரே, பயமா இருக்கு. அவளும் இல்ல. எனக்கு ஒண்ணும் புரியல. நீரு இருக்கீரா இல்லியா?" என்று கேட்டேன்.

"தூத்துக்குடி, தூத்துக்குடி, ஏறு ஏறு" என்று கண்டக்டர்கள் கத்திக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் கைப்பேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார். கொதிக்கும் எண்ணெய் வாசம், டீசல் புகை. அந்தச் சந்தடிக்கு நடுவில்தான் அது வந்தது. எப்படிச் சொல்வேன்? பாரம் தூக்கிக்கொண்டு போகிறவளின் தலையிலிருந்து யாரோ பின்னால் வந்து கூடையை இறக்கியதுபோல. கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. நீ ஏன் போனாய் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் என் கூப்பிடுதூரத்தில் அவர் இருந்தார் என்பது, வெயில் சுடுகிறது என்பதைப்போல, எனக்குத் தெரிந்தது. தோட்டத்தில் தனியே அழுதவர் என்னைத் தனியே அழவிடவில்லை. எனக்கு ஏனோ அகோரப் பசி எடுத்தது. வாழைக்காய் பஜ்ஜி வாங்கி நின்றுகொண்டே தின்றேன். வாய் சுட்டது. தன்னந்தனியாகச் சிரித்துக்கொண்டே தின்கிற பெண்ணைக் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்! அன்று வீட்டுக்குத் திரும்பும் பேருந்திலேயே முடிவு செய்துவிட்டேன், ஞானஸ்நானம் எடுப்பதென்று.

என் வீட்டுக்காரர்தான் உடைந்துபோனார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. விபூதித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ம சாமி உனக்கு என்ன கொற வச்சாரு?" என்று கேட்டார்.

"ஒரு கொறயும் வைக்கல. எனக்குப் பயம் வந்தப்போ பக்கத்துல வந்து உக்காந்தவரு இவருதான். அதுக்கு நான் என்ன செய்ய, சொல்லுங்க?"

"ஊர்ல நம்ம சாதிசனம் என்ன சொல்லும்?"

உங்கள் பூஜைக்குப் பூப்பறித்துத் தருவதை நான் நிறுத்தப் போவதில்லை என்று மட்டும் சொன்னேன். வாரக்கணக்கில் சாப்பாட்டுக்கும் கடைச்சாவிக்கும் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. எனக்கு வலித்தது. அவருக்கும் வலித்தது. ஆனால் அந்த நாட்களில் நான் இரவு மழைச்சத்தத்துக்கு முன்போல எழுந்து உட்காரவில்லை என்பதை அவர் கவனித்திருக்கிறார்.

போதகர், "தொட்டியிலயும் கொடுக்கலாம்மா, ஆத்துலதான்னு கட்டாயமில்ல" என்றார். நான்தான் ஆறு என்றேன். இது ஐப்பசி, தண்ணீர் கலங்கி ஓடுகிறது. இன்று காலை நான் புறப்பட்டு வெளியே வந்தபோது என் வீட்டுக்காரரைக் காணவில்லை. கோமதியோடு ஆற்றங்கரைக்குப் போனால், அங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நீளக் கம்பை ஊன்றி ஊன்றித் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருக்கிறார்! நெற்றியில் திருநீறு. போதகரைப் பார்த்து அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அங்கன வேண்டாம் ஐயா, மண்ணள்ளுன குழி கெடக்கு. இங்கன இறக்குங்க. நான் பாத்துட்டேன், இடுப்பளவுதான்."

நான் கரையிலேயே அழுதுவிட்டேன்.

தண்ணீர் கணுக்காலில் பட்டதும் உடம்பு நடுங்கத் தொடங்கியது. முழங்காலில் பட்டதும் அந்தக் கதவு மிதந்து வருவதைப்போலவே இருந்தது. போதகர் கையைப் பிடித்து, "பயமா இருக்காம்மா?" என்றார். "ஆமா!" என்றேன், கரையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. "சரி, அப்ப பைய வாங்க" என்றார். போனேன். இயேசுவை நம்புகிறாயா என்று கேட்டார். நம்புகிறேன் என்றேன். ஆறு என் தலைக்குமேல் மூடியது. காதுக்குள் ஒரு ஹோ. ஒரு கணம் மேலும் கீழும் தெரியவில்லை. பிறகு வெளிச்சம், காற்று, பாட்டு! நான் எழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தேனாம், கோமதி சொன்னாள். பிள்ளை கைதட்டித் துள்ளிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் துண்டோடு தண்ணீருக்குள்ளேயே வந்துவிட்டார். "தலையத் துவட்டு, சளி பிடிச்சிரும்" என்றார். அவரே துவட்டினார்.

பயம் போய்விட்டதா என்று நீ கேட்க மாட்டாய். உனக்குத் தெரியும். அது இருக்கிறது, வீட்டில் ஓர் ஓரமாக. அதோடு குடியிருக்க ஒருவர் வந்துவிட்டார், அதனால் அதன் சத்தம் அடங்கிவிட்டது. உன்னிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது பெரிய உபதேசம் ஒன்றும் இல்லை. பயமாக இருக்கிறது என்று வெட்கமில்லாமல் சொல்லும் வாயைத்தான் நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாய். போன வாரம் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இடிச்சத்தத்துக்கு மேசையைக் கெட்டியாகப் பிடித்தாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்கும்தான் பயம் என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

இதோ, மத்தியானச் சாப்பாடு முடிந்தது. மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்துவிட்டது. நல்ல கனத்த மழை. என் வீட்டுக்காரர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். கோமதி குடையை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் படிக்கப் புறப்பட்டாள். பாலத்துக்கு அந்தப் பக்கம். "போயிட்டு வாரேம்மா" என்றாள். நெஞ்சு ஒருமுறை குதித்தது. "பாத்துப் போ" என்றேன். போய்விட்டாள். எனக்குக் கொட்டாவிமேல் கொட்டாவியாக வருகிறது. எழுத்து கோணிக்கொண்டு போகிறது, பார். கண் சொருகுகிறது. வெளியே மழை கொட்டுகிறது, நான் கொஞ்சம் தூங்கப் போகிறேன்.